பேங்க் ஸ்டேட்மென்ட்டும் உங்கள் பேரேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கி தரும் ஸ்டேட்மென்ட் கோப்பைக் கணக்கு மென்பொருளுக்குள் கொண்டுவருவது, பிறகு அதைப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது ஆகியவை பற்றிய கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

கேள்வி: நெட் பேங்கிங்கிலிருந்து சிஎஸ்வி கோப்பை இறக்கி, எக்செலில் திறந்து, மேலே கீழே இருக்கும் வெட்டி வரிகளை நீக்கிச் சேமித்த பிறகுதான் மென்பொருளில் ஏற்றுகிறேன். யுபிஐ எண்களெல்லாம் 4.12346இ+11 என்று ஆகிவிடுகின்றன. செக் நம்பரும் சில தேதிகளும் மாறிவிடுகின்றன. கோளாறு பேங்க் கோப்பிலா, எக்செலிலா?
– ஜவுளிக்கடைக் கணக்காளர், ஈரோடு

பதில்: வங்கிக் கோப்பு சரியாகத்தான் இருக்கிறது. இரட்டைக் கிளிக் செய்து அதை எக்செலில் திறந்ததுதான் கோளாறு. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எது எண், எது தேதி என்று அதற்குள் எந்தக் குறிப்பும் கிடையாது. எக்செல் தானாக ஊகித்துக்கொள்கிறது, அந்த ஊகம் மூன்று இடங்களில் உங்களைக் கவிழ்க்கும்.

முதலாவது, நீளமான எண்கள். சாதாரணக் கட்டத்தில் எக்செல் 11 இலக்கம் வரைதான் அப்படியே காட்டும். யுபிஐ பரிவர்த்தனை எண்ணுக்கு 12 இலக்கம். அதனால் அது அடுக்குக்குறி வடிவத்துக்குப் போய்விடும். திறந்து பார்த்ததோடு நிறுத்தினால் உள்ளே எண் பத்திரமாக இருக்கும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் என்ன தெரிகிறதோ அதுதான் கோப்பில் எழுதப்படும். அந்த நொடியில் பின்பாதி இலக்கங்கள் போய்விட்டன. எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம்: சேமிக்காவிட்டாலும் 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். 16, 17 இலக்கக் கணக்கு எண்கள் இப்படித்தான் கெடுகின்றன.

இரண்டாவது, செக் எண். 000417 என்பதை எக்செல் 417 ஆக்கிவிடும். உங்கள் மென்பொருளில் 000417 என்று இருந்தால் இரண்டும் பொருந்தாது.

மூன்றாவது தேதி, இதுதான் ஆபத்தானது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/04/2025 என்ற ஏப்ரல் 5ஆம் தேதி மே 4 ஆகிவிடும். 13/04/2025 போன்ற தேதியில் 13ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போனவை. பார்ப்பதற்கு அவைதான் ஒழுங்காகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. எக்செலைக் காலியாகத் திறந்து, டேட்டா பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். முன்னோட்டத்தில் 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்ற இடத்தில் 'டு நாட் டிடெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா நெடுவரிசையும் எழுத்தாக வரும். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சிஎஸ்வியைத் திறந்ததும் அதுவே கேட்கும். எண் நெடுவரிசைகளுக்கு 'டெக்ஸ்ட்', தேதிக்கு நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிவிடலாம்.

ஏற்கெனவே சேமித்துக் கெட்டுப்போன கோப்பைத் திருத்தப் பார்க்காதீர்கள். போன இலக்கம் போனதுதான். வங்கியிலிருந்து மறுபடியும் இறக்குங்கள். இறக்கிய மூலக் கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

கேள்வி: சிறு வணிகர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வங்கியின் கோப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. படிக்கும் நிரலை எப்படி அமைப்பது? சரியாகப் படித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதிலிருந்தே தொடங்குவோம்.

வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மீதி இருக்கிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் சாட்சி. முந்தைய மீதியோடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் இந்த வரியின் மீதி வர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு வரி தப்பினாலும் கோப்பை உள்ளே விடாதீர்கள். இந்தச் சோதனை இல்லாத இறக்குமதி வசதியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது சரியல்ல. பிழை மூன்று மாதம் கழித்து, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில்தான் வெளியே வரும்.

பிழை எந்த வகை என்பதையும் வித்தியாசமே சொல்லிவிடும். முன்மீதி 78,150.50, வரவு 5,900, ஸ்டேட்மென்ட் காட்டும் மீதி 84,050.50. நிரல் 72,250.50 என்று கணக்கிட்டால் வித்தியாசம் 11,800. அது தொகையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. அப்படியானால் வரவைப் பற்றாகப் படித்திருக்கிறது. கோப்பிலேயே இருக்கும் ஒரு தொகைக்குச் சமமான வித்தியாசம் என்றால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது. தொகை நூறு மடங்காகத் தெரிந்தால் பைசாப் புள்ளி தொலைந்திருக்கிறது. எல்லா வரியிலும் தப்பு வந்தால் பயப்பட வேண்டாம். புதியது மேலே, பழையது கீழே என்று தலைகீழாக அடுக்கிய கோப்பாக இருக்கும். திருப்பிப் போட்டு மறுபடி சோதியுங்கள். ஒரே நாளுக்குள் மட்டும் வரிசை கலைந்து, நாள் முடிவு மீதி சரியாக இருக்கும் கோப்புகளும் உண்டு. அதற்கு நாள்வாரியாகச் சோதிக்கும் இன்னொரு வழியையும் வைத்திருங்கள்.

இனி, படிக்கும் முறை. கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை நம்ப வேண்டாம். 'எக்ஸ்எல்எஸ்' என்று வரும் கோப்பு பல நேரம் தாவல் குறியால் பிரித்த எழுத்துக் கோப்பாகவோ, வலைப்பக்கத்தின் அட்டவணையாகவோ இருக்கும். எக்செல் 'வடிவமும் பின்னொட்டும் பொருந்தவில்லை' என்று எச்சரிப்பது அதனால்தான். முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். 'பிகே' என்ற இரு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது உண்மையில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை ஜிப். கோணக்குறியில் தொடங்கினால் வலைப்பக்கம். நேரே படிக்கக்கூடிய எழுத்தாக இருந்தால் பிரிகுறி எது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தலைப்பு வரி எத்தனையாவது வரியில் வருகிறது என்று எண்ணால் பதிக்காதீர்கள். முகவரி ஒரு வரி கூடினால் எல்லாம் சரியும். தேதி, விவரம், பற்று, வரவு, மீதி என்ற பொருள் தரும் சொற்களில் குறைந்தது மூன்று ஒரே வரியில் எங்கே வருகின்றனவோ அதுதான் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் வங்கிகள் பயன்படுத்தும் மாற்றுப் பெயர்களை ஒரு பட்டியலாக வெளியே வைத்திருந்தால், புதிய வங்கி வரும்போது நிரலைத் தொட வேண்டியிருக்காது. தலைப்புக்குக் கீழே, தேதி நெடுவரிசையில் தேதி இல்லாத வரியைப் பரிவர்த்தனையாக எடுக்காதீர்கள். கடைசியில் வரும் மொத்தமும் பொறுப்புத் துறப்பும் அதிலேயே கழிந்துவிடும். ஆனால் மொத்தப் பற்று, மொத்த வரவு, வரிகளின் எண்ணிக்கை ஆகியவை அங்கே இருந்தால் எடுத்து வைத்து உங்கள் கூட்டலோடு ஒப்பிடுங்கள்.

தொகைகளில் கவனிக்க வேண்டியவை: 1,23,456.78 என்ற நம்மூர்க் கமா, எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சிஆர்', 'டிஆர்', அடைப்புக்குறிக்குள் வரும் கழித்தல் தொகை, கண்ணுக்குத் தெரியாத 160ஆம் எண் இடைவெளி. கடைசியில் சொன்னது சாதாரண இடைவெளி நீக்கத்தில் சில மொழிகளில் போகாது. முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்த மறுத்தால், கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 அடையாளமான மூன்று பைட்டுகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிட்டுத் திறந்தால் தீரும்.

தொகையை ஒருபோதும் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். மீதிச் சோதனை காரணமில்லாமல் தோற்கும். பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், இல்லையென்றால் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கடையின் பேரேட்டில் பேங்க்கில் பணம் போட்டால் பற்று என்கிறோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அதே பணம் வரவு என்று வருகிறதே?
– வணிகவியல் மாணவி, விருதுநகர்

பதில்: ஸ்டேட்மென்ட் வங்கியின் பேரேட்டில் உங்கள் பக்கத்தின் நகல். நீங்கள் போட்ட பணம் வங்கிக்குக் கடன், அதனால் அவர்கள் வரவு வைக்கிறார்கள். உங்களுக்கு அது சொத்து, அதனால் நீங்கள் பற்று வைக்கிறீர்கள். கோப்பை ஏற்றும்போது ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் கூட்டுறவு வங்கி பிடிஎஃப் மட்டும்தான் தருகிறது. அதிலிருந்து எடுத்தால் விவரங்கள் ஒரு வரி மாறி மாறி விழுகின்றன. என்ன செய்வது?
– அரிசி மண்டி, கும்பகோணம்

பதில்: முதலில் கிளையில் எக்செல் கோப்பாகவோ எழுத்துக் கோப்பாகவோ கேட்டுப் பாருங்கள். திரையில் இல்லாவிட்டாலும் எழுதிக் கேட்டால் தரும் கிளைகள் உண்டு. பிடிஎஃப் கடைசி வழிதான்.

பிடிஎஃப்பில் அட்டவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது. 'இந்தச் சொல்லைத் தாளின் இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகள்தான் இருக்கும். நெடுவரிசைகளை நாம்தான் இடத்தை வைத்து மீட்டெடுக்க வேண்டும். டேபுலா, கேமலாட், பிடிஎஃப்பிளம்பர் போன்ற இலவசக் கருவிகள் இதைத்தான் செய்கின்றன. தொகைகள் வலப்பக்கம் ஒட்டி அச்சாவதால், ஒரு தொகை பற்றா வரவா என்பதை அதன் வலது ஓரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இடது ஓரத்தை வைத்தால் பெரிய தொகை பக்கத்து நெடுவரிசைக்குள் போய்விடும்.

உங்கள் கோப்பில் நடப்பது இப்படியிருக்கும். ஒரு பரிவர்த்தனையின் விவரம் மூன்று வரி நீளம். கட்டத்தின் நடுவில் தேதி அச்சாகிறது. அப்போது விவரத்தின் முதல் வரி தேதிக்கு மேலே நிற்கும். 'தேதி வந்தால் புதிய பரிவர்த்தனை, இல்லாவிட்டால் முந்தையதோடு சேர்' என்ற வழக்கமான விதி, அந்த முதல் வரியை முந்தைய பரிவர்த்தனைக்குத் தாரை வார்த்துவிடும். தொகை சரியாகவே இருக்கும் என்பதால் மீதிச் சோதனையும் இதைப் பிடிக்காது. கோடு போட்ட அட்டவணை என்றால் கேமலாட்டின் 'லாட்டிஸ்' முறை கோடுகளைக் கொண்டே கட்டங்களைப் பிரிக்கும். கோடு இல்லாவிட்டால் வரிகளுக்கு இடையேயான உயரத்தை அளந்து, இடைவெளி கூடும் இடத்தில் வெட்ட வேண்டும்.

ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகைகளுக்கான வங்கிப் பணமாற்ற முறை) எண் 22 எழுத்து. குறுகிய நெடுவரிசையில் அது இரண்டாக ஒடிந்து அடுத்த வரிக்கு வந்துவிடும். விவர வரிகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிய வடிவம் ஒன்று, இடைவெளியோடு சேர்த்த வடிவம் ஒன்று என இரண்டையும் வைத்திருங்கள். எண்ணை முதலாவதில் தேடுங்கள், பெயரை இரண்டாவதில் தேடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் 'முன் பக்க மீதி' வரிகள் பரிவர்த்தனை அல்ல.

சுட்டியால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். எழுத்தறியும் மென்பொருள் தேவை. 3ஐ 8 என்றும், 1ஐ 7 என்றும், கமாவைப் புள்ளி என்றும் அது படிக்கும். மீதிச் சோதனையில் தோற்ற வரிகளை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்தினால் போதும், எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: இணையத்தில் பிடிஎஃப்பை எக்செலாக மாற்றித் தரும் இலவசத் தளங்களில் ஸ்டேட்மென்ட்டை ஏற்றலாமா?
– மளிகைக் கடை, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அந்தக் கோப்பில் உங்கள் கணக்கு எண் மட்டுமல்ல, உங்களுக்குப் பணம் அனுப்பிய ஒவ்வொருவரின் பெயரும், பல நேரம் கைப்பேசி எண்ணாகவே இருக்கும் யுபிஐ முகவரியும் இருக்கின்றன. மேலே சொன்ன மூன்று கருவிகளும் உங்கள் கணினியிலேயே இயங்குபவை. கடவுச்சொல் போட்ட கோப்பு என்றால் க்யூபிடிஎஃப் என்ற கருவி கணினியிலேயே அதை நீக்கித் தரும்.

கேள்வி: எங்கள் டாலர் கணக்குக்கு வங்கி எம்டி940 கோப்பு தருகிறது. மென்பொருளில் ஏற்றினால் வந்த பணம் போன பணமாகவும், 15,000 என்பது 15 லட்சமாகவும் பதிவாகிறது.
– பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்

பதில்: எம்டி940, வங்கிகளிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு ஸ்டேட்மென்ட்டுக்காக வகுத்த வடிவம். ஒழுங்கானது, ஆனால் விதிகளைப் படிக்காமல் எழுதிய நிரல் இதில் தடுக்கி விழும்.

15 லட்சத்துக்குக் காரணம் கமா. எம்டி940இல் பைசா, சென்ட்டைப் பிரிக்கும் குறி புள்ளி அல்ல, கமா. 15000,00 என்றால் பதினைந்தாயிரம். சென்ட் இல்லாவிட்டாலும் '15000,' என்று கமா கட்டாயம் இருக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் கமாவை நீக்கிவிட்டுப் படித்தால் நூறு மடங்காகும்.

வரவு பற்றாக மாறுவதற்குக் காரணம் ஓர் எழுத்து. ':61:' என்று தொடங்கும் வரிதான் பரிவர்த்தனை. முதல் 6 இலக்கம் மதிப்புத் தேதி (பணம் கணக்கில் செல்லுபடியாகும் நாள்), ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். அடுத்த 4 இலக்கம் பதிவுத் தேதி, மாதமும் நாளும் மட்டும். இது இல்லாமலும் இருக்கலாம். பிறகு வரவுக்கு 'சி', பற்றுக்கு 'டி'. அதற்கு அடுத்து நாணயக் குறியீட்டின் மூன்றாவது எழுத்தை வங்கி விரும்பினால் சேர்க்கலாம். டாலரின் குறியீடான 'யுஎஸ்டி'யில் மூன்றாவது எழுத்து 'டி'. ஆகவே 'சிடி' என்று வந்தால் அது டாலர் வரவு. தொகைக்கு முன்னால் 'டி' இருக்கிறது என்று பார்க்கும் நிரல் அதைப் பற்றாக்கிவிடும். இதே இடத்தில் 'ஆர்டி' என்று வந்தால் முன்பு எழுதிய பற்றைத் திருப்பியது, அதாவது கணக்கில் பணம் கூடும். 'ஆர்சி' என்றால் வரவைத் திருப்பியது, பணம் குறையும். மென்பொருள் விற்பனையாளரிடம் இந்தச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆண்டு மாறும் இடத்தையும் பாருங்கள். மதிப்புத் தேதி 251231, பதிவுத் தேதி 0102 என்றால் பதிவு நடந்தது 2026 ஜனவரி 2இல். மதிப்புத் தேதியின் ஆண்டையே ஒட்டவைத்தால் 2025 ஜனவரிக்குப் போய்விடும். மதிப்புத் தேதிக்கு மிக அருகில் வரும் ஆண்டைத்தான் எடுக்க வேண்டும்.

நீண்ட ஸ்டேட்மென்ட் பல துண்டுகளாக வரும். தொடக்க மீதிக்கு ':60எஃப்:', முடிவு மீதிக்கு ':62எஃப்:'. நடுத்துண்டுகளில் 'எஃப்' இருக்கும் இடத்தில் 'எம்' வரும். ஒரு துண்டின் ':62எம்:' மீதியும் அடுத்த துண்டின் ':60எம்:' மீதியும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் எதுவும் விடுபடவில்லை. இந்த வடிவத்தில் வரிக்கு வரி மீதி கிடையாது என்பதால், தொடக்கமும் முடிவும் ஒத்துப்போவதுதான் இங்கே சோதனை.

உங்கள் வங்கி கேம்ட்.053 என்ற ஐஎஸ்ஓ 20022 எக்ஸ்எம்எல் வடிவம் தந்தால் அதற்கு மாறலாம். தேதிகள் முழு ஆண்டோடு வரும், வரவா பற்றா என்பது தனிப் புலமாக இருக்கும். அங்கே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு பதிவுக்குள் பல பரிவர்த்தனைகள் தொகுப்பாக இருக்கலாம். தொகுப்பின் மொத்தத்தையும் உள்ளே உள்ளவற்றையும் இரண்டையும் கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகும்.

டாலர் கணக்கை டாலரிலேயே ஒத்துப் பாருங்கள். இடைநிலை வங்கி பிடித்த கட்டணமும் மாற்று விகித வித்தியாசமும் தனித்தனிப் பதிவுகள். ரூபாயில் ஒப்பிட்டால் இரண்டும் குழம்பிக் கிடக்கும்.

கேள்வி: ஒரே ஸ்டேட்மென்ட்டை இரண்டு முறை ஏற்றிவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகிறது. மென்பொருளில் 'ஒரே தேதி, ஒரே தொகை இருந்தால் தவிர்' என்று வைத்தால், நிஜமாகவே ஒரே நாளில் இரண்டு பேர் 500 ரூபாய் அனுப்பினால் ஒன்று காணாமல் போகிறது.
– உணவகம், காரைக்குடி

பதில்: அடையாளத்தில் மீதியையும் சேருங்கள். கணக்கு எண், தேதி, தொகை, வரவா பற்றா, விவரம், அந்த வரியின் மீதி, இவை ஆறும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது பழைய வரி. முதல் 500 வந்தபோது இருந்த மீதியும் இரண்டாவது வந்தபோது இருந்த மீதியும் வேறு வேறு. அதனால் இரண்டும் தங்கும்.

ஓஎஃப்எக்ஸ் (கணக்கு மென்பொருள்கள் நேரே படிக்கும் ஒரு வடிவம்) கோப்பு கிடைத்தால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியே தரும் தனி எண் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். ஒரு மாதம் சிஎஸ்வி, மறுமாதம் பிடிஎஃப் என்று மாற்றாதீர்கள். ஒரே பரிவர்த்தனையின் விவரம் இரண்டிலும் வெவ்வேறு நீளத்தில் வெட்டப்பட்டு வரும், அடையாளம் பொருந்தாது. இன்றைய தேதி வரை இறக்காமல் நேற்று வரை மட்டும் இறக்குங்கள். நாள் முடியாத கோப்பு அரைகுறையானது. ஒவ்வொரு இறக்குமதிக்கும் ஒரு தொகுதி எண் கொடுத்து, தப்பானால் அந்தத் தொகுதியை மொத்தமாக நீக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கார்டிலும் ஆன்லைனிலும் விற்ற பணம் மொத்தமாக, கொஞ்சம் குறைந்து வருகிறது. எந்த பில்லோடும் பொருந்துவதில்லை. வேறு சில வாடிக்கையாளர்கள் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு அனுப்புகிறார்கள். தானாகப் பொருத்தும் வசதி இங்கே பயன்படுமா?
– மின்சாதனக் கடை, மதுரை

பதில்: பயன்படும், நடுவில் ஒரு பேரேட்டுக் கணக்கை வைத்தால். பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். 10,000 ரூபாய் விற்பனை நடந்த நாளில் அந்தக் கணக்கில் 10,000 பற்று. அவர்கள் கட்டணம் 2 சதவீதம் என்று கொள்வோம்: 200. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36. வங்கிக்கு வருவது 9,764. வங்கிக்கு 9,764, கட்டணச் செலவுக்கு 200, உள்ளீட்டு வரிக்கு 36 பற்று எழுதி, நிறுவனக் கணக்கில் 10,000 வரவு வைத்தால் அது சுழியாகும். பல நாள் விற்பனை ஒரே தொகையாக வந்தாலும் வங்கி வரி ஒன்றுக்கு ஒன்று என்றுதான் பொருந்தும். விற்பனை வாரியான பிரிவுக்கு அவர்கள் தரும் செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி, அதிலுள்ள யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு வங்கிப் பணமாற்றத்துக்கும் உள்ள தனி எண்) கொண்டு வங்கி வரியோடு இணையுங்கள். திருப்பிக் கொடுத்த பணமும் அதே தொகையில் கழிந்து வரும். அவர்களின் நாள் கணக்கு நள்ளிரவில் முடியாமலும் இருக்கலாம். ஒருநாள் விற்பனையும் ஒருநாள் வரவும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். அந்த 36 ரூபாயை வரி வரவாக எடுக்க, அவர்களின் ஜிஎஸ்டி பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் (ஜிஎஸ்டி தளம் தரும் உள்ளீட்டு வரிப் பட்டியல்) வந்திருக்க வேண்டும்.

டிடிஎஸ்ஸுக்கு எதிர்பார்க்கும் தொகைகளைப் பில்லிலேயே கணக்கிட்டு வையுங்கள். 1,00,000 சேவைக் கட்டணம், 18,000 ஜிஎஸ்டி, மொத்தம் 1,18,000. தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதம் ஜிஎஸ்டி நீங்கலான தொகை மேல் பிடித்தால் 10,000 போக 1,08,000 வரும். மென்பொருள் 1,18,000ஐ மட்டும் தேடினால் கிடைக்காது. முழுத் தொகை, 1, 2, 10 சதவீதம் குறைந்த தொகை என நான்கையும் தேடச் சொன்னால் கிடைக்கும்.

தானாகப் பொருத்தும் வரிசையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் யுடிஆர் அல்லது யுபிஐ எண்ணும் தொகையும் இரண்டும் ஒத்தவை. அடுத்து செக் எண்ணும் தொகையும். கடைசியாகத்தான் தொகையும் தேதி நெருக்கமும், அதுவும் இரு பக்கமும் ஒரே ஒரு பொருத்தம் இருந்தால் மட்டும். இரண்டு பொருத்தம் இருந்தால் மென்பொருள் முடிவு எடுக்கக்கூடாது, மனிதரிடம் விட வேண்டும். வங்கிப் பணமாற்ற முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் 24 மணி நேரமும் இயங்குவதால், அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் இடைவெளி போதும். நீங்கள் கொடுத்த செக்குக்கு அப்படியில்லை. வாங்கியவர் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கலாம், அதற்கு 3 மாதம் வரை தேட வேண்டும்.

கேள்வி: மார்ச் 28 தேதியிட்டுக் கொடுத்த செக் ஏப்ரல் 4இல் பாஸானது. மென்பொருள் பொருத்தாததால் வவுச்சர் தேதியை ஏப்ரல் 4 என்று மாற்றினோம். தணிக்கையாளர் கோபப்படுகிறார். இன்னொரு செக் ஐந்து மாதமாக வரவேயில்லை, அதை என்ன செய்வது?
– உரக்கடை, தஞ்சாவூர்

பதில்: தணிக்கையாளர் சொல்வது சரி. வவுச்சர் தேதி நீங்கள் செக் கொடுத்த நாள். அதைத் தொடக்கூடாது. டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் வங்கிச் சரிக்கட்டும் திரையில் 'பேங்க் டேட்' என்று தனி நெடுவரிசை இருப்பதே இதற்காகத்தான். அங்கே ஏப்ரல் 4 என்று போடுங்கள். மார்ச் 31 தேதிக்கான வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் அந்த செக் 'கொடுத்தும் வங்கிக்கு வராதது' என்ற தலைப்பில் தெரியும். ஏப்ரலில் தானே மறையும். தேதியை மாற்றியதால் மார்ச் 31இல் உங்கள் வங்கி மீதியும் கொடுக்க வேண்டிய கடனும் இரண்டுமே கூடுதலாகக் காட்டப்பட்டுவிட்டன. மாற்றிய வவுச்சர்கள் எல்லாவற்றையும் பழைய தேதிக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்து மாத செக் காலாவதியானது. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான். வங்கிக் கணக்கில் பற்று, அந்த நபரின் கணக்கில் வரவு என்று ஒரு பதிவு போடுங்கள். பாக்கி மறுபடி அவர் பெயரில் நிற்கும். வராத செக்கை வருமானத்தில் சேர்த்துவிடாதீர்கள், கொடுக்க வேண்டிய கடன் தீரவில்லை. அவரிடம் பேசி, பழைய செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாகக் கொடுங்கள்.